கண்ணாடி, ஜிமிக்கி, சிறுசேரி பஸ்: எந்த ஹெட்போன் வாங்கலாம்?

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். "தாம்பரத்திலிருந்து சிறுசேரிக்கு தினமும் பஸ். போக வர இரண்டரை மணி நேரம் ஆகிறது. மாதம் ஒருமுறை இரவு ரயிலில் திருநெல்வேலி போவேன். ஜூனில் டொரான்டோவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறேன், முதல் விமானப் பயணம். கண்ணாடி போடுவேன், ஜிமிக்கியும் போடுவேன். கர்நாடக சங்கீதம், பழைய சினிமாப் பாட்டு, நடுவே ஆபீஸ் மீட்டிங். 15,000 ரூபாய்க்குள் காதை மூடும் பெரிய ஹெட்போன் வாங்கலாமா, இயர்பட்ஸா? நாய்ஸ் கேன்சலேஷன் நிஜமாகவே தேவையா, வெறும் விளம்பரமா? எல்டிஏசி இருக்கிறதா பார் என்கிறார்களே, அது என்ன?"

வெளி இரைச்சலை அடக்கும் நாய்ஸ் கேன்சலேஷன் தேவை. உங்களுக்கு இயர்பட்ஸ்தான் சரி. எல்டிஏசி இல்லாவிட்டாலும் ஒன்றும் குறையாது. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது தெரிந்தால்தான் கடையில் விற்பவர் வேறு மாதிரி பேசும்போது நீங்கள் உறுதியாக நிற்க முடியும். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

நான் சென்னையில் ஹெட்போன், ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர் பழுது பார்ப்பவன். பன்னிரண்டு வருடமாக இதுதான் தொழில். என் இடது காதில் இரவு விளக்கை அணைத்ததும் மெல்லிய விசில் ஒன்று கேட்கும். கல்லூரி நாட்களில் பஸ் எஞ்சினுக்கு மேலே பாட்டு கேட்க வேண்டும் என்று ஒயர் இயர்போனில் சத்தத்தை முழுக்க ஏற்றி வைத்துக் கேட்டேன். அதன் மிச்சம் இது. காது டாக்டர் பார்த்துவிட்டு, போன கேட்புத்திறன் திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார். ஹெட்போன் பற்றி யார் கேட்டாலும் நான் பேச்சைச் சத்தத்திலிருந்தே ஆரம்பிப்பதற்கு அதுதான் காரணம்.

உங்கள் பஸ்ஸையே எடுத்துக்கொள்வோம். பழைய டீசல் பஸ்ஸில் எஞ்சின் பக்கமாக உட்கார்ந்து நான் அளவியை வைத்துப் பார்த்தபோது 78 முதல் 84 டெசிபல் வரை காட்டியது. விமானத்துக்குள்ளும் ஏறக்குறைய அதே அளவுதான், 80 முதல் 85 வரை. அந்த இரைச்சலுக்கு மேல் பாட்டுத் தெளிவாகக் கேட்க வேண்டும் என்றால் கை தானாகவே சத்தத்தை 90 பக்கம் கொண்டுபோய்விடும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு இது: 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம், 90 டெசிபலில் 4 மணி நேரம்தான். 3 டெசிபல் கூடும்போதெல்லாம் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிறது, கேட்கக்கூடிய நேரம் பாதியாகிறது. நீங்கள் வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு இரண்டரை மணி, ஆக பன்னிரண்டரை மணி நேரம் கேட்கிறீர்கள். நாலு மணி நேரத்துக்கான இடத்தில் பன்னிரண்டரை. இதே கணக்கில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

இரைச்சலை வெளியிலேயே 20 டெசிபல் குறைத்துவிட்டால் அதே பாட்டை 70-ல் வைத்துத் திருப்தியாகக் கேட்கலாம். நாய்ஸ் கேன்சலேஷனை நான் ஆடம்பரம் என்று நினைக்காததற்கு இந்த ஒரு காரணமே போதும். விளம்பரத்தில் அமைதி, நிம்மதி என்றெல்லாம் காட்டுகிறார்கள். எனக்கு அது காதுக்குப் போடும் ஹெல்மெட் மாதிரி.

அது வேலை செய்யும் விதம் தெரிந்தால் எங்கே உதவும், எங்கே கைவிடும் என்பதும் தெரிந்துவிடும். ஹெட்போனின் வெளிப்பக்கமும் உட்பக்கமும் குட்டி மைக்குகள் இருக்கும். அவை இரைச்சலைக் கேட்டு, அதற்கு நேர் எதிரான அலையை ஸ்பீக்கர் வழியாக விடும். மேடும் பள்ளமும் சேர்ந்து சமமாகிவிடும். எஞ்சின் உறுமல் போன்ற 100 ஹெர்ட்ஸ் அலை 3.4 மீட்டர் நீளம். அதற்கு எதிர் அலை தயாரிக்க நேரம் தாராளமாக இருக்கிறது. 3,000 ஹெர்ட்ஸ் அலை 11 சென்டிமீட்டர்தான், துளி நேரம் பிசகினாலும் எதிர் அலை பொருந்தாது. எனவே எஞ்சின், ஏசி, ரயில் பெட்டியின் தடதடப்பு, விமானத்தின் ஓயாத இரைச்சல் எல்லாம் பிரமாதமாகக் குறையும். கண்டக்டர் விசில், ஏர் ஹாரன், விழுப்புரத்தில் நடு ராத்திரி ஏறுபவரின் "காபி, காபி", எதிர் பெர்த்துக் குழந்தையின் அழுகை எல்லாம் வரும், கொஞ்சம் மங்கி வரும். அவற்றைத் தடுப்பது மின்சுற்று இல்லை. காதுத் துளையை இறுக்கி மூடும் ரப்பர் முனைதான். வாங்கிய அன்றே "குரல் கேட்கிறதே, கேன்சலேஷன் வேலை செய்யவில்லை" என்று என்னிடம் எடுத்து வருகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் பொருளில் குறை இருக்காது.

இந்த யோசனை பழையது. பால் லூக் என்ற ஜெர்மானியருக்கு 1936-லேயே அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. ஹெட்போனாக அது கைக்கு வந்ததற்குக் காரணம் அமர் போஸ். வங்கத்திலிருந்து அமெரிக்கா போன சுதந்திரப் போராட்ட வீரரின் மகன், எம்ஐடி பேராசிரியர். 1978-ல் ஐரோப்பாவிலிருந்து பாஸ்டன் திரும்பும் விமானத்தில் கொடுத்த ஹெட்போனில் எஞ்சின் சத்தம்தான் கேட்டது, சங்கீதம் கேட்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே கணக்குப் போட ஆரம்பித்தார். விமானிகளுக்கான ஹெட்செட் 1989-ல் வந்தது, பொதுமக்களுக்கானது 2000-ல். இன்று ஏழெட்டாயிரம் ரூபாய் பொருளில் அது இருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கடையில் அட்டைப்பெட்டி மேல் "இஎன்சி" என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது வேறு, ஏஎன்சி (இதுவரை பேசிய நாய்ஸ் கேன்சலேஷன்) வேறு. இஎன்சி என்றால் நீங்கள் பேசும்போது எதிர்முனையில் இருப்பவருக்கு உங்களைச் சுற்றியுள்ள சத்தம் குறைவாகக் கேட்கும். உங்கள் காதுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரூபாய்ப் பொருள்களில் இந்தக் குழப்பத்தை வைத்தே வியாபாரம் நடக்கிறது. உங்களுக்கு வேண்டியது ஏஎன்சி. சந்தேகம் இருந்தால் கடை ஏசியின் வெளி யூனிட் பக்கமோ ஃபிரிட்ஜ் பக்கமோ போய் நின்று, பாட்டுப் போடாமல், ஏஎன்சியை அணைத்து அணைத்துப் போடுங்கள். அந்த "உம்ம்" சத்தம் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் அது வேலை செய்யவில்லை. பார்க்க அசல் மாதிரியே இருக்கும் போலிகளும் பெரும்பாலும் இந்தச் சோதனையில் மாட்டிக்கொள்ளும்.

சிலருக்கு ஏஎன்சி போட்டதும் மலை ஏறும்போது காது அடைப்பது போல ஒரு அழுத்தம் தெரியும். நிஜத்தில் காற்றழுத்தம் ஏதும் மாறுவதில்லை. கனமான சத்தம் மட்டும் திடீரென்று மறைவதை மூளை அப்படி எடுத்துக்கொள்கிறது. பலருக்குப் பழகிவிடும், சிலருக்குத் தலை சுற்றும். நீங்கள் எந்த வகை என்பதை வாங்கும் முன் பத்து நிமிடமாவது போட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி பெரிய ஹெட்போனா, இயர்பட்ஸா என்பது. பொதுவாக, காதை முழுக்க மூடும் பெரிய ஹெட்போனில் ஒலி விசாலமாக இருக்கும், ஒரு சார்ஜில் 30 மணி நேரம் ஓடும், காதுத் துளைக்குள் எதுவும் போகாது. நீண்ட விமானப் பயணத்துக்கு அதுவே ராஜா. ஆனால் நீங்கள் சொன்ன மூன்று விஷயங்கள் அதற்கு எதிராக நிற்கின்றன.

முதலாவது கண்ணாடி. அதன் காம்பு காதுக்கு மேலே போகும் இடத்தில் ஹெட்போனின் குஷனுக்கும் தலைக்கும் நடுவே ஒரு சின்ன இடுக்கு விழும். அந்த இடுக்கு வழியாக உறுமல் உள்ளே வரும், பாட்டின் அடித்தொனி வெளியே போகும். மெல்லிய உலோகக் காம்பு என்றால் பரவாயில்லை, தடித்த பிளாஸ்டிக் ஃபிரேம் என்றால் ஏஎன்சியில் பாதி வீண். ஒரு மணி நேரத்தில் காம்பு பொட்டில் அழுத்தி வலிக்கவும் செய்யும். அடுத்தது ஜிமிக்கி. இதை எந்த விமர்சனத்திலும் எழுதமாட்டார்கள். சின்னத் தோடு என்றால் குஷனுக்குள் அடங்கிவிடும், ஆனால் பின் பக்கத் திருகாணி கழுத்துத் தோலில் குத்தும். ஜிமிக்கி அடங்கவே அடங்காது. என்னிடம் வந்த ஒரு ஹெட்போனின் குஷனில் உளி வைத்துக் கீறியது போல ஒரு பிளவு. அந்தப் பெண்ணின் கம்மல் தினமும் ஒரே இடத்தில் உரசி உரசி வந்தது அது. மூன்றாவது சென்னை வெயில். குஷனின் மேல்தோல் பெரும்பாலும் செயற்கைத் தோல். ஏப்ரல், மே மாதங்களில் ஏசி இல்லாத பஸ்ஸில் காது இரண்டும் வெந்துவிடும். வியர்வையும் ஈரக்காற்றும் சேர்ந்து இரண்டு வருடத்துக்குள் தோல் உரிந்து, காதைச் சுற்றிக் கறுப்புப் பொடி ஒட்ட ஆரம்பிக்கும். குஷனை மாற்றிக்கொள்ளலாம், அது பெரிய செலவில்லை. ஆனால் உங்கள் தினசரி பஸ்ஸுக்கு அது ஏற்றதில்லை.

இரவு ரயிலும் யோசியுங்கள். பெர்த்தில் ஒருக்களித்துப் படுத்தால் பெரிய ஹெட்போன் தலையணையில் இடித்துக்கொண்டு நிற்கும். இயர்பட்ஸும் அந்தப் பக்கக் காதில் வலிக்கத்தான் செய்யும், மேல்பக்கக் காதில் மட்டும் ஒன்றைப் போட்டுக்கொண்டு தூங்கலாம்.

நீங்கள் கண்ணாடியும் ஜிமிக்கியும் இல்லாதவர், நாள் முழுக்க ஏசி ஆபீஸில் உட்கார்பவர் என்றால் சோனி டபிள்யூஎச்-சிஎச்720என் பக்கம் தள்ளியிருப்பேன். எடை 192 கிராம்தான், ஏஎன்சி போட்டே 35 மணி நேரம் ஓடும். தலையில் எடை என்பது சின்ன விஷயமில்லை. ஆப்பிளின் ஏர்பாட்ஸ் மேக்ஸ் 385 கிராம். ஒலி அருமை, ஆனால் நாலு மணி நேரத்தில் கழுத்துக்குத் தெரியும். பயணத்துக்கு மடங்குகிறதா என்பதும் முக்கியம். சோனியின் விலையுயர்ந்த வரிசையில் 2020-ல் வந்த எக்ஸ்எம்4 மடங்கியது, 2022-ல் வந்த எக்ஸ்எம்5 மடங்கவில்லை, 2025-ல் எக்ஸ்எம்6-ல் மடக்கும் கீலைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். பையில் அரை அடி இடம் மிச்சமாவதன் அருமை பயணம் போகிறவருக்குத்தான் தெரியும்.

நெக்பேண்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஊரில் பஸ்ஸில் பாதிக் கழுத்துகளில் அதுதான் தொங்குகிறது. அதற்கு நியாயமும் இருக்கிறது. காதிலிருந்து நழுவினால் கழுத்தோடு நிற்கும், பாட்டரி பெரிது, விலை குறைவு. கூட்ட பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கும்போது ஒரு பட் கழன்று விழுந்தால் எத்தனை கால்களுக்கு நடுவே தேடுவது? ஆனால் நெக்பேண்டில் நல்ல ஏஎன்சி உள்ளவை மிகக் குறைவு. சத்தக் கணக்கைப் பார்த்த பிறகு உங்களுக்கு அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கழன்று விழும் பயம் ரப்பர் முனையின் அளவு சரியாக இருந்தால் பெரும்பாலும் போய்விடும்.

அந்த ரப்பர் முனையில்தான் பாதி விஷயம் இருக்கிறது. பெட்டியில் மூன்று அளவு தருவார்கள். நடுத்தர அளவு ஏற்கெனவே மாட்டியிருக்கும், நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அதை மாற்றிக்கூடப் பார்ப்பதில்லை. போட்டுக்கொண்டு வாயை மூடி "ம்ம்" என்று முனகுங்கள். உங்கள் குரல் தலைக்குள்ளே பெரிதாக, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஒலித்தால் அடைப்பு சரி. ஒரு பக்கம் மட்டும் சாதாரணமாகக் கேட்டால் அந்தப் பக்கம் காற்று போகிறது. அதற்கு ஒரு அளவு பெரியதை மாட்டுங்கள். வலது காதுக்கும் இடது காதுக்கும் வேறு வேறு அளவு தேவைப்படுவது சகஜம். அடைப்பு இல்லாமல் அடித்தொனி வராது, ஏஎன்சியும் சரியாக வராது. "பேஸ் இல்லை" என்று குறை சொல்லப்பட்ட எத்தனையோ பட்ஸை நான் முனையை மட்டும் மாற்றித் திருப்பித் தந்திருக்கிறேன்.

இன்னொன்று, ஜன்னலோர சீட். காற்று நேராக வந்து மைக்கில் அடித்தால் ஏஎன்சி அந்தப் படபடப்பையும் இரைச்சல் என்று நினைத்துக் குழம்பும். காதில் துணி அடிப்பது போலக் கேட்கும். அப்போது ஆப்பில் காற்றுக் குறைப்பு இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் ஏஎன்சியை அணைத்துவிட்டு முனையின் அடைப்பை நம்புங்கள்.

எல்டிஏசிக்கு வருவோம். போனிலிருந்து ஹெட்போனுக்கு ஒலி புளூடூத்தில் போகும்போது சுருக்கிக் கட்டித்தான் அனுப்ப வேண்டும். சுருக்கும் முறைக்குப் பெயர் கோடெக். எல்லாக் கருவியிலும் இருக்கும் அடிப்படை முறை எஸ்பிசி. ஆப்பிள் நம்புவது ஏஏசி. சோனி கொண்டுவந்தது எல்டிஏசி, நொடிக்கு 990 கிலோபிட் வரை அனுப்பும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் யூடியூபில் நீங்கள் கேட்கும் பாட்டின் ஒலியே பொதுவாக 128-லிருந்து 160 கிலோபிட்தான். ஓடை சிறிதாக இருக்கும்போது கால்வாயை அகலமாக வெட்டி என்ன பயன்? கூட்டமான இடத்தில் எல்டிஏசி தானே 330-க்கு இறங்கிவிடும், இறங்கவிடாமல் பிடித்து வைத்தால் விட்டு விட்டுக் கேட்கும். பாட்டரியையும் கூடுதலாகக் குடிக்கும். ஐபோன் வைத்திருந்தால் அது எல்டிஏசியை ஏற்காது, பேச்சே முடிந்தது. வீட்டில், அமைதியான அறையில், அசல் தரத்தில் சேமித்த பாட்டை ஆண்ட்ராய்டு போனில் கேட்பவருக்கு அது உதவும். சிறுசேரி பஸ்ஸில் உதவாது.

ஒலியின் தரத்தைக் காகிதத்தில் பார்க்காதீர்கள், காதில் பாருங்கள். நீங்கள் கர்நாடக சங்கீதம் கேட்பவர் என்பதால் உங்களுக்கு ஒரு நல்ல அளவுகோல் ஏற்கெனவே கையில் இருக்கிறது. நன்றாகத் தெரிந்த ஒரு கச்சேரிப் பதிவைப் போனில் இறக்கி எடுத்துப் போங்கள். ஆலாபனையில் குரலுக்கு அடியில் தம்பூரா இடைவிடாமல் கேட்க வேண்டும். அது குரல் ஓயும்போது மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தால் நடுத்தொனி பள்ளமாக இருக்கிறது என்று அர்த்தம். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கத்தின் வலது பக்கமான வலந்தலையின் சொற்கள் கூர்மையாக, தனித்தனியாக விழ வேண்டும். இடது பக்கமான தொப்பியின் கும்காரம், அந்தக் கனத்த ஓசை, உருண்டு வந்து நின்றுவிட வேண்டும், நீண்டு போய் அடுத்த சொல்லை மூடக் கூடாது. நம் சந்தையில் பல கம்பெனிகள் அடித்தொனியை வேண்டுமென்றே ஏற்றி விற்கிறார்கள். கடையில் குத்துப்பாட்டுக்கு முதல் நிமிடம் கவர்ச்சியாக இருக்கும், கச்சேரியில் தொப்பி பாடகர் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கடைசியாக ஒரு நாகஸ்வரப் பதிவு. சத்தத்தைக் குறைக்க வேண்டும் என்று கை தானாகப் போனால் அந்த ஹெட்போனில் மேல்தொனி குத்துகிறது. வேண்டாம். கூடுதல் பேஸை ஆப்பில் இருக்கும் ஈக்வலைசரில் குறைத்துக்கொள்ளலாம். இந்தக் குத்தல் எளிதில் போகாது.

ஆபீஸ் மீட்டிங்கில் எல்லோரும் தடுமாறும் இடம் ஒன்று. லேப்டாப்பில் பாட்டு அருமையாகக் கேட்டுக்கொண்டிருக்கும், மீட்டிங்கில் சேர்ந்ததும் கிணற்றுக்குள்ளிருந்து கேட்பது போலாகிவிடும். ஹெட்போன் கெடவில்லை. ஹெட்போனின் மைக் இயங்க ஆரம்பித்ததும் பழைய புளூடூத் முறை டெலிபோன் பாதைக்கு மாறிவிடுகிறது, ஸ்டீரியோ போய்விடுகிறது. மீட்டிங் செயலியின் ஒலி அமைப்பில் மைக்கை மட்டும் லேப்டாப்பின் மைக்காக மாற்றுங்கள், கேட்பது ஹெட்போனிலேயே இருக்கட்டும். குரல்கள் உடனே தெளிவாகும். எல்இ ஆடியோ என்ற புதிய முறையில் இந்தத் தொல்லை தீர்கிறது, ஆனால் லேப்டாப், ஹெட்போன் இரண்டிலும் அது இருக்க வேண்டும். ஒரே நேரத்தில் போன், லேப்டாப் இரண்டோடும் இணைந்திருக்கும் மல்டிபாயின்ட் வசதி உங்களுக்குக் கட்டாயம். அது இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

உங்கள் பணத்துக்கு இரண்டைச் சொல்கிறேன். சோனி டபிள்யூஎஃப்-சி700என்: எல்டிஏசி கிடையாது, ஏஎன்சி போட்டு ஏழரை மணி நேரம், வியர்வைக்குத் தாங்கும் ஐபிஎக்ஸ்4. நத்திங் இயர் (ஏ): எல்டிஏசி உண்டு, தூசுக்கும் தாங்கும் ஐபி54, ஆனால் ஏஎன்சி போட்டால் ஐந்தரை மணி நேரம்தான். கேஸில் வைத்து மறுபடி சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம் என்றாலும் உங்கள் விமானப் பயணத்தை நினைத்து நான் முதலாவதைத் தேர்ந்தெடுப்பேன். சின்னக் காது உள்ளவர்களுக்கும் அது நன்றாக உட்காருகிறது. புது மாடல்கள் வந்துகொண்டே இருக்கும், விலை திருவிழாத் தள்ளுபடியில் ஆடிக்கொண்டே இருக்கும். பெயரைவிடத் தேடும் முறையை மனதில் வையுங்கள். எதுவானாலும் உங்கள் 15,000-ல் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் ஆகும்.

மிச்சப் பணத்தை எல்லாம் செலவழிக்க வேண்டாம். ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு நல்ல ஒயர் இயர்போன் வாங்கிப் பையில் போடுங்கள். விமானத்தின் சீட் திரையில் படம் பார்க்க பல விமானங்களில் இன்னும் ஒயர்தான் வேண்டும். சில பழைய சீட்டுகளில் இரண்டு துளை இருக்கும், அதற்கென்று ஒரு சின்ன அடாப்டர் கிடைக்கிறது. சீட் திரையை வேண்டாம் என்று விட்டுவிட்டு, பாட்டையும் படத்தையும் போனில் முன்பே இறக்கி வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. பட்ஸை, அதன் கேஸை, பவர் பேங்கை எல்லாம் கைப்பையிலேயே வையுங்கள். பவர் பேங்க்கை செக்-இன் பெட்டியில் போடவே கூடாது. 100 வாட்-அவர் வரை, அதாவது சுமார் 27,000 எம்ஏஎச் வரை, கையில் கொண்டுபோகலாம். விமானம் இறங்கத் தொடங்கும்போது பட்ஸைக் கழற்றிவிடுங்கள். காதை இறுக்கி மூடியிருந்தால் அழுத்தம் சமமாக நேரமெடுக்கும், வலிக்கும்.

எத்தனை வருடம் உழைக்கும் என்பதை விற்பவர் சொல்லமாட்டார், பழுது பார்ப்பவன் நான் சொல்கிறேன். பட்டுக்குள் இருக்கும் பாட்டரி ஒரு மாத்திரை அளவு. தினமும் சார்ஜ் ஏறி இறங்குவதால் இரண்டு, மூன்று வருடத்தில் தளர்ந்துவிடும். ஒட்டி மூடிய பொருள், திறந்தால் பெரும்பாலும் உடையும். பெரிய ஹெட்போனில் பாட்டரியை மாற்றிக் கொடுத்திருக்கிறேன், பட்ஸில் நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரியிலிருந்து இப்படிப்பட்ட பாட்டரிகளைப் பயனரே கழற்றி மாற்றும்படி செய்ய வேண்டும் என்று சட்டம் வருகிறது. அதன் பலன் நமக்கும் வந்தால் நல்லது. அதுவரை பட்ஸுக்கு முப்பதாயிரம் செலவழிக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். வாங்கும்போது ஒரு பட் தொலைந்தால் அது மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள்.

ஆனால் என் மேஜைக்கு வரும் பட்ஸில் பாதிக்கு மேல் பாட்டரியால் சாவதில்லை. போன வாரம் ஒரு கல்லூரிப் பையன் வந்தான். இடது பக்கம் சத்தம் குறைந்துவிட்டது, கம்பெனிக்கு எழுதிப் போட்டேன், புதிதாக வாங்கச் சொல்கிறார்கள் என்றான். ரப்பர் முனையைக் கழற்றி லென்ஸுக்கு அடியில் வைத்தேன். கடுகளவு வலையின் மேல் மஞ்சள் மெழுகு பூசியது போலக் காதுக் குறும்பி படிந்திருந்தது, ஓரத்தில் மட்டும் நாலைந்து கண்கள் திறந்திருந்தன. பட்டைக் கவிழ்த்துப் பிடித்து, காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் கீழ்நோக்கித் தட்டித் தட்டித் துடைத்தேன். ஐந்து நிமிடம். போட்டுப் பார்த்துவிட்டு அவன் முகம் மலர்ந்ததை நான் எதற்கும் ஈடு சொல்லமாட்டேன். கவிழ்த்துப் பிடிப்பது முக்கியம், நிமிர்த்திப் பிடித்தால் அழுக்கு உள்ளே போகும். ஊசி, குண்டூசி வேண்டவே வேண்டாம், வலை கிழிந்துவிடும். ஈரமும் வேண்டாம்.

இன்னொரு வழக்கமான சாவு, கேஸில். வியர்வையோடு பட்ஸை உள்ளே வைத்து மூடினால் சார்ஜ் ஏற்றும் செம்புப் புள்ளிகளில் பச்சைக் களிம்பு பிடிக்கும். ஒரு நாள் ஒரு பட் மட்டும் சார்ஜ் ஏறாது. பஸ்ஸிலிருந்து இறங்கியதும் கைக்குட்டையால் ஒரு துடைப்பு, அவ்வளவுதான். வெயிலில் நிறுத்திய காரின் முன் பலகையில் கேஸை வைத்துவிட்டுப் போகாதீர்கள், சூடு பாட்டரியை வேகமாகத் தின்னும்.

வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே, திருப்பிக் கொடுக்கும் நாள் முடிவதற்குள், மூன்று சோதனை செய்துவிடுங்கள். நீங்கள் போகும் அதே பஸ்ஸில் முழு தூரமும் ஜிமிக்கி, கண்ணாடியோடு போட்டுப் பாருங்கள். தெருவில் நின்று அக்காவுக்குக் கூப்பிட்டு, உங்கள் குரல் எப்படி வருகிறது என்று கேளுங்கள். போனில் சத்தப் பட்டையை எவ்வளவில் வைத்தால் திருப்தியாக இருக்கிறது என்று பாருங்கள். பாதிக்கு மேலே போக வேண்டியிருந்தால் முனையின் அளவு தப்பு, அல்லது அந்தப் பொருள் உங்கள் காதுக்குத் தப்பு. ஐபோன் என்றால் வாரம் முழுக்க எவ்வளவு டெசிபலில் கேட்டீர்கள் என்று ஹெல்த் செயலியே கணக்கு வைத்திருக்கும், ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை திறந்து பாருங்கள்.

சாலையைக் கடக்கும்போதும், தாம்பரத்தில் தண்டவாளம் பக்கம் போகும்போதும் பட்ஸ் காதில் இருக்கவே கூடாது. வெளிச் சத்தத்தை உள்ளே விடும் டிரான்ஸ்பரன்ட் மோட் என்று ஒன்று இருக்கிறது, நிறுத்தத்தின் பெயர் கேட்க, கண்டக்டரோடு பேச அது நல்லது. வண்டி வரும் திசையை அதை நம்பிக் கணக்கிடாதீர்கள். இரண்டையும் கழற்றிக் கேஸில் போட்டு மூடிவிட்டு நடைமேம்பாலத்தில் ஏறுங்கள்.